சிப்பிலிருந்து கிளம்பும் சிவப்புக் கற்றையைத் திருப்புவது எப்படி: 16 தடச் சோதனைச் சிப்புக்கு முழுமையான வழிகாட்டி

விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு சிப். அதன் ஓரத்திலிருந்து கிளம்பும் சிவப்புக் கோட்டை, எதையும் அசைக்காமல், சுவரில் இடமும் வலமும் 9 டிகிரி வரை நகர்த்த வேண்டும். வடிவமைப்பிலிருந்து சோதனை மேசை வரை அதற்கான வேலைகளை வரிசையாகச் சொல்கிறோம். பர்கூர், செட்டிக்கரை, ஓசூர் பக்கத்தில் இறுதியாண்டு பொறியியலோ எம்.எஸ்சி. இயற்பியலோ படிப்பவர்கள், அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது. சிப்பை இங்கே செய்ய முடியாது, வெளியே கொடுத்துத்தான் வாங்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்துவிடலாம்.

தொலைத்தொடர்பில் புழங்கும் 1550 நானோமீட்டர் அகச்சிவப்பில் இந்த வித்தை பழையது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அது தாமதமாகத்தான் வந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மிகால் லிப்சன் குழு 2020-இல் 488 நானோமீட்டர் நீல ஒளியை 50 டிகிரிப் பரப்பில் திருப்பிக் காட்டியது. எம்.ஐ.டி.யில் ஜெலெனா நோடரோஸ் குழு திரவப் படிகத்தைக் கொண்டு 632.8 நானோமீட்டர் ஒளியை 7.2 டிகிரி திருப்பியது. தாமதத்துக்கு முதல் காரணம் சிலிக்கான். சுமார் 1100 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளியை அது விழுங்கிவிடும். அதனால் கண்ணாடி போன்ற சிலிக்கான் டையாக்சைடு உறைக்குள் ஒளி ஓடும் சிலிக்கான் நைட்ரைடு தடம் என்ற அமைப்புக்கு மாற வேண்டியிருந்தது. இரண்டாவது காரணம், அலைநீளம் பாதிக்கும் கீழே குறைந்ததால் எல்லா அளவுகளும் அதே விகிதத்தில் நுணுகிப்போனது. கீழே வரும் ஒவ்வொரு தொல்லைக்கும் வேர் இந்த இரண்டாவதுதான்.

கற்றை ஏன் திரும்புகிறது

கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய்க்காலிலிருந்து 16 பாத்திகளுக்குச் சமமாகப் பிரித்து விடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு லேசர் ஒளி 16 தடங்களாகப் பிரிந்து, சிப்பின் ஓரத்தில் வரிசையாக வெளியேறுகிறது. எல்லாத் தடங்களிலும் அலை ஒரே கட்டத்தில், அதாவது உச்சமும் பள்ளமும் ஒத்து, வந்தால் கற்றை நேராகப் போகும். ஒவ்வொரு தடமும் பக்கத்துத் தடத்தைவிடக் கொஞ்சம் பிந்தி வந்தால் கற்றை சாயும். சாயும் கோணத்தின் சைன் மதிப்பு = அலைநீளம் × கட்ட வேறுபாடு ÷ (2π × தட இடைவெளி). மொத்தத் தத்துவமும் இவ்வளவுதான். பக்கத்துத் தடங்களுக்கிடையே கட்ட வேறுபாட்டை எப்படித் துல்லியமாக வைப்பது என்பதில்தான் நாட்கள் கரையும்.

படி 1: எண்களை முடிவு செய்தல்

அலைநீளம் 632.8 நானோமீட்டர். பெரும்பாலான இயற்பியல் ஆய்வகங்களில் ஹீலியம்-நியான் லேசர் ஒன்று ஏற்கெனவே இருக்கும் என்பதே இந்தத் தேர்வுக்குக் காரணம். அடுத்து தட இடைவெளி. பாடப்புத்தகம் அரை அலைநீளம், அதாவது 316 நானோமீட்டர் வேண்டும் என்கிறது. அவ்வளவு நெருக்கமாக வைத்தால் ஒரு தடத்து ஒளி அடுத்ததற்குள் கசிந்துவிடும். இடைவெளியைக் கூட்டினால் முதன்மைக் கற்றைக்கு இரு பக்கமும் போலிக் கற்றைகள் முளைக்கும். இரண்டுக்கும் நடுவே 2 மைக்ரோமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். போலிக் கற்றை 18.4 டிகிரி தள்ளி விழும். எனவே இரு பக்கமும் 9.1 டிகிரி வரை குழப்பமின்றித் திருப்பலாம்.

தடங்கள் 16. மொத்த அகலம் 32 மைக்ரோமீட்டர். கற்றையின் அரை-உச்ச அகலம் 0.886 × அலைநீளம் ÷ மொத்த அகலம், அதாவது சரியாக 1 டிகிரி. ஆக 18 டிகிரிப் பரப்பில் தனித்தனியாகத் தெரியக்கூடிய 18 இடங்கள் கிடைக்கும். இது குறைவாகத் தோன்றும். 64 தடம் போடலாமே என்று கை துறுதுறுக்கும். முதல் சிப்பிலேயே அகலக் கால் வைக்க வேண்டாம். 64 தடம் என்றால் கட்டத்தை மாற்ற 64 ஹீட்டர், 64 கம்பி, 64 மின்வழி. அதில் இரண்டு பழுதானால் எது பழுது என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் போகும்.

படி 2: தடங்களை வரைதல்

நைட்ரைடின் தடிமன் 150 நானோமீட்டர், தடத்தின் அகலம் 300 முதல் 350 நானோமீட்டர். இந்த அளவில் ஒளி ஒரே பாங்கில் (மோட்) செல்லும். நீங்கள் எடுக்கும் ஃபவுண்டரி (சிப் செய்து தரும் ஆலை) தரும் ஒளிவிலகல் எண்ணைப் போட்டு மீப் போன்ற இலவச மென்பொருளில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வரைபடத்துக்கு ஜிடிஎஸ்ஃபேக்டரியும் கேலேஅவுட்டும் போதும், இரண்டும் இலவசம். வளைவின் ஆரம் 60 மைக்ரோமீட்டருக்குக் குறைய வேண்டாம்.

ஒளியைப் பிரிக்க, ஒன்றை இரண்டாக்கும் ஸ்பிளிட்டரை நான்கு அடுக்காகப் போடுங்கள். முதல் அடுக்கிலிருந்து கடைசிவரை எல்லாப் பாதைகளும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். இதில் இரண்டு லாபம். முழுச் சிப்பும் ஒரே சீராகச் சூடானால் எல்லாத் தடங்களிலும் கட்டம் ஒரே அளவு மாறும், கற்றை நகராது. மலிவான டயோடு லேசரின் குறுகிய ஒத்திசைவு நீளமும் (அலையின் கட்டம் பிசகாமல் இருக்கும் தூரம்) போதுமானதாகிவிடும். 1 நானோமீட்டர் பட்டை அகலமுள்ள லேசருக்குக்கூட அந்த நீளம் 0.4 மில்லிமீட்டர் இருக்கும்.

கணக்கில் பாதைகள் சமமாக இருந்தாலும் கையில் வரும் சிப்பில் இருக்காது. தடத்தின் அகலம் 1 நானோமீட்டர் மாறினால் செயல் ஒளிவிலகல் எண் (தடத்துக்குள் ஓடும் ஒளி உணரும் எண்) ஏறக்குறைய 0.0005 மாறுகிறது. அந்தப் பிழையோடு ஒளி 0.63 மில்லிமீட்டர் போனாலே கட்டம் π அளவு தவறிவிடும், உச்சம் பள்ளமாகிவிடும். எந்த ஃபவுண்டரியாலும் 1 நானோமீட்டருக்குள் எல்லாத் தடங்களையும் ஒத்த அகலத்தில் தர முடியாது. ஆகவே சிப் வந்ததும் ஒவ்வொரு தடத்தின் கட்டமும் சீட்டுக் குலுக்கிப் போட்டது போலத்தான் இருக்கும். இதைக் குறைக்க ஒரு வழி உண்டு. நீண்ட நேர்ப் பகுதிகளில் தடத்தை மெல்ல மெல்ல 1 மைக்ரோமீட்டருக்கு அகலமாக்கி, வளைவுக்கு முன்னால் திரும்பக் குறுக்குங்கள். அகலமான தடத்தில் ஓரத்துப் பிழையின் செல்வாக்கு குறைவு, ஓரச் சொரசொரப்பால் சிதறும் ஒளியும் குறையும். அகலமாக்கும் பகுதி 50 மைக்ரோமீட்டருக்காவது நீளட்டும். அவசரமாக விரித்தால் ஒளி வேறு பாங்குக்குத் தாவிவிடும்.

இன்னொன்றையும் இப்போதே வரைபடத்தில் சேர்த்துவிடுங்கள், பின்னால் திருத்த முடியாது. லேசர் ஒளியைச் சிப்புக்குக் கொண்டுவரும் ஃபைபரிலிருந்து தடத்துக்குள் புகாத ஒளி, சிப்பின் கண்ணாடி உறைக்குள்ளேயே நேராக ஓடி மறுமுனையில் வெளியேறும். உங்கள் கற்றையைவிட அது பிரகாசமாக இருக்கும். எனவே உள்வழியும் வெளிவழியும் ஒரே கோட்டில் இருக்கக் கூடாது. உள்ளே வந்த தடத்தை 90 டிகிரி திருப்பி, பக்கத்து ஓரத்தின் வழியே வெளியே விடுங்கள்.

படி 3: ஹீட்டர்

கட்டத்தை மாற்ற எளிய வழி சூடு. தடத்துக்கு மேலே, உறையின் மீது ஓடும் மெல்லிய உலோகப் பட்டைதான் ஹீட்டர். நைட்ரைடின் வெப்ப-ஒளிக் கெழு டிகிரிக்கு சுமார் 0.000024. சிலிக்கானில் இது ஏழெட்டு மடங்கு அதிகம், அதனால்தான் அகச்சிவப்புக்காரர்களுக்கு வேலை சுலபம். உறையின் பங்கையும் சேர்த்து 0.00002 என்று வைத்தால், 1 மில்லிமீட்டர் நீள ஹீட்டரில் π அளவு கட்டம் மாற 16 டிகிரி சூடேற வேண்டும். முழுச் சுற்றான 2π-க்கு 32 டிகிரி.

கீழே பள்ளம் தோண்டாத சாதாரண ஹீட்டருக்கு π-க்குப் பத்துகள் கணக்கில் மில்லிவாட் செலவாகும். கணக்குக்கு 25 மில்லிவாட், மின்தடை 1000 ஓம் என்று கொள்வோம். 2π-க்கு 50 மில்லிவாட், அதாவது 7.1 வோல்ட், 7 மில்லிஆம்பியர். ஒவ்வொரு தடத்துக்கும் சராசரியாக π தேவைப்படும். ஆக மொத்தம் 0.4 வாட். பக்கத்து ஹீட்டரின் சூடு இந்தத் தடத்தைத் தொடாதிருக்க ஹீட்டர்களை 100 மைக்ரோமீட்டராவது தள்ளி வையுங்கள். ஹீட்டர் பகுதியைத் தாண்டிய பிறகே தடங்களை 2 மைக்ரோமீட்டர் இடைவெளிக்கு நெருக்குங்கள்.

தரைக் கம்பியில் பலர் கோட்டை விடுகிறார்கள். 16 ஹீட்டருக்கும் பொதுவாக ஒரே தரைக் கம்பி விட்டால், 112 மில்லிஆம்பியர் அதன் வழியே திரும்பும். அந்தப் பாதையில் 2 ஓம் தடை இருந்தாலே 0.22 வோல்ட் விழும். 7 வோல்ட்டில் அது 6 சதவீதத் திறன் பிழை, கட்டத்தில் 20 டிகிரிக்கு மேல். ஒரு தடத்தைத் திருத்தினால் மற்ற பதினைந்தும் கலைவது இதனால்தான். தரைக்கு மட்டும் குறைந்தது நான்கு பேடு (கம்பி இணைக்கும் உலோகத் திட்டு) வையுங்கள்.

படி 4: சிப்பை வரவழைத்தல்

பலருடைய வடிவமைப்புகளை ஒரே வேஃபரில் (சிப்புகளை வெட்டி எடுக்கும் வட்டத் தகடு) சேர்த்து அச்சிடும் பங்கு முறையில்தான் ஒரு கல்லூரிக்குச் செலவு கட்டுப்படியாகும். பெல்ஜியத்தின் ஐமெக், நெதர்லாந்தின் லயோனிக்ஸ் இரண்டும் காணும் ஒளிக்கான நைட்ரைடு தளம் வைத்திருக்கின்றன. இந்தியாவுக்குள்ளேயே முயல வேண்டுமானால் ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர் தூரத்தில் பெங்களூரு இருக்கிறது. அங்கே இந்திய அறிவியல் கழகத்தின் நானோ அறிவியல் மையம் வெளிக் கல்லூரி ஆய்வாளர்களுக்கும் கருவிகளைத் திறந்துவிடும் திட்டத்தில் பங்கேற்றுள்ளது. சாதாரண முகமூடி (மாஸ்க்) அச்சில் 300 நானோமீட்டர் தடம் வராது, எலக்ட்ரான் கற்றை எழுத்துமுறை வேண்டும் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதுங்கள்.

வரைபடத்தில் உதிரிகளையும் சேருங்கள்: இழப்பை அளக்க மூன்று வெவ்வேறு நீளத்தில் வெறும் தடங்கள், தனி ஸ்பிளிட்டர் ஒன்று, தனி ஹீட்டர் ஒன்று. இவை இல்லாமல் வந்த சிப்பில் வெளிச்சம் குறைந்தால் யாரைக் குறை சொல்வது என்றே தெரியாது.

படி 5: மேசை

ஒளியியல் மேசைக்கு லட்சங்களைக் கொட்ட வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அதற்கான கல் காலடியில் கிடக்கிறது. கிரானைட் பட்டறையில் 90 × 60 சென்டிமீட்டர், 10 சென்டிமீட்டர் தடிமனில் ஒரு பக்கம் மெருகேற்றிய கறுப்புக் கல்லைக் கேளுங்கள். எடை 150 கிலோவுக்கு மேல் வரும். ஸ்கூட்டர் டியூப் இரண்டை அரைகுறைக் காற்றோடு அடியில் போட்டால் தேசிய நெடுஞ்சாலை 44-இல் போகும் லாரிகளின் அதிர்வு பெருமளவு அடங்கிவிடும். கல் அலுமினியத்தைப் போல மூன்றில் ஒரு பங்குதான் விரியும். அதுவும் கூடுதல் லாபம்.

அதே கிரானைட்தான் எதிரியும். பட்டறைகள் உள்ள பகுதியில் காற்றில் மிதக்கும் தூசியில் குவார்ட்ஸ் இருக்கும், அது கண்ணாடி ஃபைபரைக் கீறும். ஃபைபர் முனையை உலர்ந்த துணியால் துடைக்கவே கூடாது. முதலில் ஊதுங்கள், பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த லென்ஸ் தாளால் ஒரே திசையில் ஓர் இழுப்பு. மேசையைச் சுற்றி அக்ரிலிக் கூண்டு ஒன்று போட்டுவிடுங்கள். காற்றோட்டத்தையும் அது தடுக்கும்.

லேசர் 1 மில்லிவாட்டுக்கு மேல் என்றால் கண் சிமிட்டுவது காப்பாற்றும் என்று நம்ப முடியாது. 5 மில்லிவாட்டைத் தாண்டினால் 3பி வகுப்பு, அலைநீளத்துக்கு உரிய கண்ணாடி கட்டாயம். கற்றை போகும் உயரத்தில் யாரும் உட்காராதபடி மேசையை அமையுங்கள். மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றி வைப்பது நல்லது.

படி 6: ஒளியை உள்ளே செலுத்துதல்

சுவர் இருந்தால்தான் சித்திரம். இந்தப் படி தேறாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

முனைவாக்கம் (ஒளி அலை அதிரும் திசை) நிலையான ஹீலியம்-நியான் லேசரையே எடுங்கள். முனைவாக்கம் நிலையில்லாததை எடுத்தால் முதல் அரை மணி நேரம் வெளிச்சம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். முனைவாக்கத்தைக் காக்கும் ஒற்றைப் பாங்கு ஃபைபரில் ஒளியைச் செலுத்தி, அதன் மெதுவான அச்சைச் சிப்பின் தளத்துக்கு இணையாக வையுங்கள். அச்சு 90 டிகிரி திரும்பியிருந்தால் ஒளி உள்ளே போகும், ஆனால் ஸ்பிளிட்டர்கள் தவறாகப் பிரிக்கும்.

ஃபைபரில் ஒளியின் விட்டம் சுமார் 4.5 மைக்ரோமீட்டர், தடத்தில் அரை மைக்ரோமீட்டர். பொருந்தாத இந்த இரண்டையும் இணைக்க, உள்வழித் தடத்தின் நுனியைக் கூர்மையாக்கி ஒளியை அகல விடுவார்கள். ஃபவுண்டரி அனுமதிக்கும் மிகச் சிறிய அகலத்தை நுனிக்குக் கொடுங்கள். அதோடு லென்ஸ் நுனி ஃபைபரையும் பயன்படுத்தினால் 6 டெசிபெல் இழப்புக்குள் கொண்டுவரலாம். நுனியைச் சிப்பின் ஓரத்திலிருந்து பத்து மைக்ரோமீட்டர் தூரத்தில் நிறுத்தி, மேலே நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே முதலில் உயரத்தையும் பிறகு பக்கவாட்டையும் தேடுங்கள். காணும் ஒளியில் இது ஒரு வரம்: தடத்தில் ஒளி புகுந்ததும் சிவப்புக் கோடு சிப்பின்மேல் கண்ணுக்கே தெரியும். அகச்சிவப்பில் வேலை செய்பவர்களுக்கு இந்தச் சுகம் இல்லை.

அரை மைக்ரோமீட்டர் விலகினால் 1 டெசிபெல் போய்விடும். ஃபைபரைத் தாங்கும் அலுமினியக் கை 50 மில்லிமீட்டர் நீளம் என்றால், அறை 1 டிகிரி சூடானாலே அது 1.15 மைக்ரோமீட்டர் நீளும். ஏப்ரல், மே மாதங்களில் ஏசி ஓடி ஓடி நிற்கும்போது வெளிச்சம் ஊஞ்சலாடுவது இதனால்தான். சிப்பைத் தாங்கும் தூணும் ஃபைபரைத் தாங்கும் தூணும் ஒரே உலோகம், ஒரே உயரம் என்று அமைத்தால் இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும். ஏசியின் காற்று கூண்டின்மேல் நேராக அடிக்க விடாதீர்கள்.

சிப்பின் அடியில், மின்சாரத்தால் சூடாக்கவும் குளிர்விக்கவும் கூடிய பெல்டியர் தட்டு வைத்து 35 டிகிரியில் நிறுத்துங்கள். 20 டிகிரிக்குக் குளிர்விக்க ஆசைப்பட்டால் ஐப்பசி ஈரத்தில் சிப்பின்மேல் பனி பூக்கும்.

வெளிச்சக் கணக்கு இது. ஃபைபரில் 1 மில்லிவாட் இருந்தால், இணைப்பில் 6, பிரிப்பில் 1, தடத்தில் 2 டெசிபெல் இழந்து 0.13 மில்லிவாட் வெளியே வரும். இருட்டறையில் வெள்ளைத் தாளில் தெரியும். சிப்பின் ஓரத்திலிருந்து வரும் ஒளி செங்குத்தாக அகலமாக விரியும், கிடையாக மட்டுமே குவியும். எனவே புள்ளி கிடைக்காது, நிற்கும் கோடு கிடைக்கும். ஓர் உருளை லென்ஸ் வைத்தால் கோடு சுருங்கிப் பிரகாசமாகும்.

படி 7: மின்சுற்று

16 வழி டிஜிட்டல்-அனலாக் மாற்றி, ஒவ்வொரு வழிக்கும் 10 வோல்ட், 20 மில்லிஆம்பியர் தரக்கூடிய ஆப்-ஆம்ப், ஓர் ஆர்டுவினோ. இவ்வளவு போதும். 12 பிட் மாற்றியில் ஒரு படி 2.4 மில்லிவோல்ட். அது உண்டாக்கும் கட்டப் பிழை கால் டிகிரி. 16 பிட்டுக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

கட்டம் மின்னழுத்தத்தோடு நேராக மாறாது, அதன் வர்க்கத்தோடு மாறும். 7.1 வோல்ட்டில் 2π என்றால் π இருப்பது 5 வோல்ட்டில், 3.5-இல் இல்லை. நிரலில் எப்போதும் திறனைக் கணக்கிட்டு, கடைசியில் வர்க்கமூலம் எடுத்து மாற்றிக்கு அனுப்புங்கள். மென்பொருளில் 8 வோல்ட் உச்சவரம்பும் போடுங்கள். ஒரு தவறான வரி ஹீட்டரை எரித்துவிட்டால் அந்தத் தடம் போனது போனதுதான். நிரல் தொடங்கும்போதும் மின்சாரம் போய்த் திரும்பும்போதும் எல்லா வழிகளும் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

படி 8: கட்டங்களை வரிசைக்குக் கொண்டுவருதல்

சிப்பிலிருந்து 50 சென்டிமீட்டர் தூரத்தில் வரைதாள் ஒட்டிய பலகையை நிறுத்துங்கள். இந்தச் சிப்புக்குத் தொலைப்புலம் (கற்றை முழு வடிவம் பெறும் தூரம்) 3 மில்லிமீட்டரிலேயே தொடங்கிவிடுவதால் லென்ஸ் தேவையில்லை. 1 டிகிரி என்பது தாளில் 8.7 மில்லிமீட்டர், 9.1 டிகிரி என்பது 8 சென்டிமீட்டர். முதலில் தெரிவது ஒரு கோடாக இருக்காது. ஒழுங்கற்ற வரிகளாக ஒளி சிதறிக் கிடக்கும். சிப் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், படி 2-இல் சொன்ன குலுக்கல்தான் இது.

நேர் திசையில், 0 டிகிரியில், 4 மில்லிமீட்டர் பிளவுக்குப் பின்னால் பிபிடபிள்யூ 34 போன்ற ஒரு ஒளி டயோடை வையுங்கள். இனி நிரலின் வேலை:

1. எல்லா ஹீட்டர்களிலும் 25 மில்லிவாட் வைத்து இரண்டு நிமிடம் காத்திருக்கவும். பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் சிப் சூடேறச் சூடேற அளவு ஓடிக்கொண்டே இருக்கும்.
2. முதல் தடத்தின் திறனை 0 முதல் 50 மில்லிவாட் வரை சம இடைவெளியில் 8 படிகளாக மாற்றி, டயோடு அளவைக் குறிக்கவும்.
3. அந்த 8 புள்ளிகளில் கொசைன் வளைவைப் பொருத்தி, உச்சம் வரும் திறனில் தடத்தை நிறுத்தவும். வெறும் பெரிய எண்ணை எடுக்க வேண்டாம், சலசலப்பு ஏமாற்றும்.
4. 16 தடத்துக்கும் இதைச் செய்து, முழுச் சுற்றை மூன்று முறை திரும்பச் செய்யவும்.

சரியாக முடிந்தால் டயோடு காட்டும் ஒளி, தொடக்கச் சராசரியைப் போல 16 மடங்கு ஆக வேண்டும். 12 மடங்கு வந்தாலே நல்ல சிப். 8-க்குக் கீழே என்றால் சில தடங்கள் இறந்திருக்கலாம். கொசைன் வளைவு தட்டையாக வந்த தடங்களே அவை.

டயோடுக்குப் பதில் வெப்கேமைப் பயன்படுத்தலாம். ஆனால் அதன் தானியங்கி வெளிச்சச் சரிசெய்தலை அணைத்துவிடுங்கள். கற்றை பிரகாசமாக ஆக ஆக கேமரா அதைக் குறைத்துக் காட்டிக்கொண்டே இருக்கும், நிரல் உச்சத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது.

நேர் திசைக்கு 16 திறன் எண்கள் கிடைத்ததும் திருப்புவது கணக்குதான். பக்கத்துத் தடங்களுக்கிடையே π/2 சேர்த்தால், அதாவது 0, π/2, π, 3π/2, மறுபடி 0 என்று போனால், கற்றை 4.5 டிகிரி நகரும். வரிசையைத் தலைகீழாக்கினால் எதிர்ப்பக்கம் போகும். 2π-ஐத் தாண்டியதைக் கழித்துவிடுங்கள். கணக்குப்படி வைத்த பிறகும் கோடு மங்கலாக இருந்தால் ஹீட்டர்கள் ஒன்றையொன்று சூடேற்றுகின்றன என்று பொருள். அப்போது -9 முதல் +9 வரை ஒவ்வொரு டிகிரிக்கும் டயோடை நகர்த்தி மேற்சொன்ன தேடலைத் தனித்தனியாகச் செய்து, 19 வரிசைகளைக் கோப்பில் சேமியுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் கணக்கோடு மல்லுக்கட்டுவதைவிட வேகமானது.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க

எந்த ஹீட்டரைத் திருகினாலும் அசையாத ஒரு பிரகாசமான திட்டு தெரிந்தால், அது உறை வழியே நேராக ஓடிவந்த ஒளி. சிப்பின் ஓரத்தில் கறுப்புத் தாள் துண்டால் மறைத்துப் பாருங்கள். கோடு சரியாக இருந்து பத்து நிமிடத்தில் கரைந்துபோனால் பெல்டியர் தட்டுக்கு அடியில் வெப்பம் வெளியேறவில்லை, சிப்பின் ஒரு பக்கம் மற்றதைவிடச் சூடாகிறது. கோடு இடம் மாறாமல் வெளிச்சம் மட்டும் குறைந்தால் ஃபைபர் விலகியிருக்கிறது. டயோடு அளவு நொடிக்கு 100 முறை துடித்தால் டியூப் லைட்டை அணையுங்கள். முதன்மைக் கோடும் 18 டிகிரி தள்ளிய போலிக் கோடும் ஏறக்குறைய சம வெளிச்சத்தில் தெரிந்தால், கற்றையை எல்லையான 9 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். சிப்பில் குறையில்லை, 8 டிகிரிக்கு இறக்கினால் நிலைமை தெளியும்.

16 தடம் படிந்த பிறகு அடுத்த சிப்பில் இரண்டு மாற்றங்கள் செய்யலாம். ஓர வெளியீட்டுக்குப் பதில் சுமார் 500 நானோமீட்டருக்கு ஒரு கீற்று வீதம் அமைந்த கீற்றணியைத் தடத்தின்மேல் செதுக்கினால், ஒளி சிப்பின் மேற்புறமாகக் கிளம்பும். செங்குத்துத் திசையிலும் கற்றை குவியும். லேசரின் அலைநீளத்தை 1 நானோமீட்டர் மாற்றினால் அந்தத் திசையில் ஏறத்தாழ 0.15 டிகிரி நகரும். ஹீலியம்-நியானில் அலைநீளத்தை மாற்ற வழியில்லை, அதற்கு டயோடு லேசர் வேண்டும். இன்னொரு மாற்றம், தட இடைவெளியைச் சீராக வைக்காமல் ஒழுங்கின்றி மாற்றிவைப்பது. போலிக் கற்றை ஒரே இடத்தில் சேராமல் மங்கலான பின்னொளியாகச் சிதறிவிடும். 2020-இன் நீலச் சிப் 50 டிகிரியை எட்டியது இந்த உத்தியால்தான். ஆனால் முதன்மைக் கற்றையின் வெளிச்சத்தில் ஒரு பங்கு அந்தப் பின்னொளிக்குப் போய்விடும். 16 தடத்தில் அது கட்டுப்படியாகாது. அதை முயல்வதென்றால் 64 தடத்தோடு முயலுங்கள்.